கடனும் தூதும்: மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

செய்யுளும் நாவலும் நாடகமும் நம்மிடையே திறனாய்வுக்கு உட்படும் அளவிற்குப் பாராளுமன்ற உரைகள் உட்படுவதில்லை. ஹன்சாட் எனும் பதிவேடு, உறுப்பினர் ஒருவர் எம்மொழியிற் பேசினாரோ அம்மொழியிலேயே அவர் பேச்சைத் தாங்கி வருவது; தமிழ் உரைநடையின் ஒரு பெரும் பகுதி அதனுள் வாசிப்பாரற்றுக் கிடக்கின்றது. சொல் எங்கே பொருளைத் தொடுகின்றது, எங்கே பொருளை மறைக்கின்றது என்று ஆராய்வதே திறனாய்வின் தொழிலெனின், நாட்டின் கஞ்சியையும் கூப்பனையும் தீர்மானிக்கும் சொற்களை அத்தொழிலினின்று விலக்கி வைத்தற்கு நியாயமில்லை. 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் இலங்கை தன் அந்நியச் செலாவணியை இழந்து கடன் தவணை கட்டமாட்டாத நிலையை எய்தியபோது, அரசாங்கத்தின் வெளியுறவு நடவடிக்கைகள் மீது சபையில் எழுந்த கண்டனங்களை இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் முயற்சி.

அக்கண்டனங்கள் மூன்று தடத்திற் சென்றன. சர்வதேச நாணய நிதியத்தை உரிய காலத்தில் நாடவில்லை என்பது ஒன்று. பழைய நண்பர்களைப் பகைத்துக்கொண்டோம் என்பது மற்றொன்று. கொழும்பு இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரிற் கைவிடப்பட்டமையும், கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையம் தொடர்பாக இந்தியாவுடனும் யப்பானுடனும் செய்யப்பட்ட ஏற்பாடு 2021 பெப்ரவரியில் முறிக்கப்பட்டமையும் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. சீனாவிடம் மிதமிஞ்சிச் சாய்ந்தோம் என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் முதலாவது மட்டுமே காலத்தாற் சோதிக்கப்பட்டு நின்றது. கலாநிதி ஹர்ஷ டி சில்வா முதலிய எதிர்க்கட்சிப் பொருளியலாளர், கடனை மீளமைக்க வேண்டும், இருக்கும் டொலரைத் தவணைக்கு இறைத்துவிடலாகாது என்று வலியுறுத்தி வந்தமை பதிவில் உள்ளது. அவர்களுக்கு உரிய மதிப்பை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் அவ்வாதம் எப்பொழுது, எவ்விடத்து நிகழ்ந்தது என்று நோக்குமிடத்து ஒரு விசித்திரம் புலனாகின்றது.

2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2021 டிசம்பர் 10ஆந் திகதி நிறைவேறிற்று. இரு நாட்கள் கழித்து, டிசம்பர் 12ஆந் திகதி நள்ளிரவுடன், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடிவுக்குக் கொணர்ந்தார். சபை மீண்டும் கூடியது 2022 ஜனவரி 18ஆந் திகதி. இடைப்பட்ட ஐந்து வாரங்களில் நிகழ்ந்தவற்றை நிரல்படுத்திப் பார்த்தல் வேண்டும். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனை, மாதந்தோறும் ஐந்து மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாற் கழிப்பதற்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. செலாவணியைச் சேமிக்கும் பொருட்டு நைஜீரியாவிலும் சைப்பிரசிலும் பிராங்போர்ட்டிலும் இருந்த நமது தூதரகப் பணிமனைகள் டிசம்பர் 31 உடன் மூடப்பட்டன. நவம்பர் இறுதியில் 1.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் ஒதுக்கு, டிசம்பர் இறுதியில் 3.1 பில்லியன் என்று அறிவிக்கப்பட்டது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் குறித்து இந்தியாவுடன் ஜனவரி 6ஆந் திகதி கைச்சாத்திடப்பட்டது. கிருமி கலந்ததென்று நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் திருப்பிய சீனப் பசளைக் கப்பலுக்காக ஏறத்தாழ ஏழு மில்லியன் டொலர் செலுத்தப்பட்டது. சீன வெளிநாட்டமைச்சர் வாங் யி கொழும்புக்கு வந்தார். கடனை மீளமைத்துத் தருமாறு ஜனாதிபதி அவரிடங் கேட்டார். ஜனவரி நடுப்பகுதியில் இந்தியா 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்று வசதியை வழங்கிற்று. சபை கூடிய அதே ஜனவரி 18ஆந் திகதி, முதிர்வுற்ற பன்னாட்டுப் பிணைமுறிக்காக 500 மில்லியன் டொலர் கடன்கொடுத்தோருக்குச் செலுத்தப்பட்டது.

சுதந்திரத்திற்குப் பிந்திய இலங்கை வரலாற்றில் இத்துணைக் குறுகிய காலத்தில் இத்துணைக் கனமான வெளியுறவுக் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்த சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. அவ்வளவும் சபையின் கதவு சாத்தியிருந்த வேளையில் நிகழ்ந்தன. கூட்டத்தொடர் முடிந்தமையால் கோப் குழு முதலிய மேற்பார்வைக் குழுக்களும் கலைந்து, புதிதாக நியமிக்கப்படும்வரை செயலற்றிருந்தன. சபையில் எழுந்த கண்டனங்கள் வன்மையாயினும் மென்மையாயினும், அவை பெரும்பாலும் முடிந்துபோன காரியத்தின் மீது பாடப்பட்ட ஒப்பாரிகளாக அமைந்தமைக்கு இதுவே முதற் காரணம். எதிர்க்கட்சி இதனைத் தன் கண்டனத்தின் மையமாக்கியிருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. ஆனால் சபை மீண்டும் கூடிய பின் நிகழ்ந்த வாதம், எந்த நாடு நம்மீது கோபங்கொண்டது, எந்த நாடு மனமிரங்கிற்று என்பதைப் பற்றியே சுழன்றது.

டிசம்பர் இறுதியில் வீங்கிய ஒதுக்கின் கதை இவ்விடத்துச் சற்று விரித்துரைத்தற்குரியது. வீக்கத்தின் பெரும்பகுதி, 2021 மார்ச்சில் சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட 10 பில்லியன் யுவான் பரிமாற்று உடன்படிக்கையால் வந்தது. டொலரில் ஏறத்தாழ ஒன்றரை பில்லியன். மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய ஒதுக்கு நாட்டிடம் இருந்தாலன்றி அப்பணத்தைத் தொடலாகாது என்பது அதன் நிபந்தனை. 2021இல் நமது இறக்குமதி 20 பில்லியன் டொலரைக் கடந்திருந்தது. மூன்று மாதத்திற்கு ஐந்து பில்லியன் தேவை. அஃதாவது, பணமில்லாதவன் பயன்படுத்த முடியாத பணம் அது. வெயிற் காலத்தில் விரிக்கலாம், மழை வந்தால் மடக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இரவல் வாங்கிய குடையை ஒத்தது. இவ்வொதுக்கிற் பயன்படுத்தத் தக்கது எவ்வளவு என்ற வினாவை எதிர்க்கட்சியிலிருந்த சிலர் எழுப்பாமலில்லை. எனினும் அந்நிபந்தனை சபையில் தெளிவுற உரைக்கப்பட்டது 2022 ஜூன் 7ஆந் திகதி, புதிய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அதனை மாற்றித் தருமாறு சீனாவுடன் பேசுவதாகக் கூறியபோதுதான். அதற்குள் நாடு கடன் தவணைகளை இடைநிறுத்தி எட்டு வாரம் ஆகியிருந்தது. பயன்படுத்தத் தக்க ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்குங் குறைவு என்று நிதியமைச்சர் அலி சப்ரி மே மாதம் 4ஆந் திகதி சபையில் கூறியிருந்தார்.

மலையகத்தாருக்கு இதனை விளக்கப் புதிய பொருளியல் வேண்டுவதில்லை. மன்னாரிலிருந்து காடு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த மக்களின் வழித்தோன்றல்கள் 'துண்டு' என்ற சொல்லை அறிவர். தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லவேண்டின், அவன் பேரிலும் அவன் கங்காணி பேரிலும் உள்ள கடன் தொகை எழுதப்பட்ட சீட்டொன்று கைமாறும். புதிய துரை அக்கடனை அடைப்பார். தொழிலாளி புதிய துரைக்குக் கடனாளியாவான். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை அதனாற் கட்டுண்டவன் வாசித்ததில்லை. அம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, ஒரு கடனை மற்றொரு கடனால் அடைத்து, ஒரு துரையிடமிருந்து மற்றொரு துரையிடம் நடந்த நாட்டின் பாராளுமன்றமும் தன் சீட்டை வாசியாமலே இருந்தது. உவமை முற்றாகப் பொருந்தாது. தோட்டத் தொழிலாளிக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டது, நமது உறுப்பினர்களுக்கோ எழுத்தறிவும் ஆங்கிலமும் சிறப்புரிமையும் இருந்தன.

அரசியலமைப்பும் இதற்குத் துணைபோனது. பொது நிதியின் மீது பாராளுமன்றத்திற்கு முழுமையான கட்டுப்பாடு உண்டு என்று 148ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால் பிற நாட்டுடன் செய்யும் உடன்படிக்கை பொதுவாகச் சபையின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும் என்ற விதி இல்லை. முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளைப் பற்றிய 157ஆம் உறுப்புரை மட்டுமே மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானத்தைப் பேசுகின்றது. தூது முழுவதும் நிறைவேற்றுத் துறையின் கையில்; அத்தூதினால் விளையும் கடன் மட்டும் சபையின் தலையில். இப்பிளவை அடிப்படையாகக் கொண்டு கண்டனம் எழுந்திருப்பின் அது கட்சிகளைக் கடந்து நின்றிருக்கும். அவ்வாறு எழாமைக்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே: இன்று எதிர்க்கட்சியில் இருப்பவர் நாளை ஆளுங்கட்சியாகும்போது இதே வசதி தமக்கும் வேண்டியிருக்கும்.

சொல்லாட்சியையும் கவனித்தல் தகும். 'நட்பு நாடு' என்ற தொடர் நமது அரசியல் மேடையில் இருதரப்பினராலும் ஓயாது வழங்கப்பட்டது. ஆளுந்தரப்பு அதனைச் சீனாவுக்குச் சூட்டிற்று. எதிர்த்தரப்பு இந்தியாவுக்கும் யப்பானுக்கும் சூட்டிற்று. கைமாற்றுக் கொடுத்தவன் நண்பனாயிருக்கலாம். வட்டியும் தவணையும் எழுதி வாங்கியவன் கடன்காரன். அவனை நண்பன் என்று அழைப்பதால் வட்டி குறையாது, பகைவன் என்று அழைப்பதால் தவணை மறையாது. பசளைக் கப்பல் விவகாரத்தில் இது துலக்கமாயிற்று. தரமற்ற பண்டத்தைத் திருப்புதல் வாணிப நியாயம். ஒப்பந்தத்தில் தர ஆய்வு, நடுத்தீர்ப்பு ஆகியன பற்றி என்ன எழுதப்பட்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஒரு தரப்பார் சீனாவுக்கு அடிபணிந்தோம் என்றனர். மறுதரப்பார் சீனாவைப் பகைக்கலாமா என்றனர். மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் இட்டதும் வாதம் முழுவதும் மானத்தைப் பற்றியதாயிற்று. பசளைத் தடையாற் பயிரிழந்த தம்புள்ளை, கலேவெல விவசாயிக்கு மானத்தைவிட அந்த ஒப்பந்தத்தின் வாசகமே உபகாரமாக இருந்திருக்கும்.

ஆளுந்தரப்பின் உரைகளில் மேலோங்கி நின்றது தவணை தவறாத நாடு என்ற பெருமிதம். மத்திய வங்கியின் அன்றைய ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் ஜனவரித் தவணையைக் கட்டியதை வெற்றியென்றே கொண்டாடினார். மூன்று மாதத்துள், 2022 ஏப்ரல் 12ஆந் திகதி, 51 பில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடன் சுமையோடு நாடு கொடுப்பனவுகளை இடைநிறுத்திற்று. 2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம், நாணய நிதியத்தை நாடுவதிற் காட்டிய தாமதம், ரூபாவை 203 அளவிற் கட்டி வைத்தமை, அந்த 500 மில்லியன் டொலர் கொடுப்பனவு ஆகியவற்றை ஆராய்ந்து, ராஜபக்ஷ சகோதரர் மூவரும் கப்ராலும் பிற அதிகாரிகளும் பொது நம்பிக்கையை மீறினர் எனத் தீர்த்தது. ஏட்டை வாசிக்கும் வேலையைச் சபைக்குப் பதிலாக நீதிமன்றம் செய்யவேண்டி வந்தது. சபையும் 2023இல் தெரிவுக்குழு ஒன்றை நியமிக்கவே செய்தது. அதற்குத் தலைவர், நெருக்கடியின்போது ஆட்சியிலிருந்த கட்சியின் செயலாளர். எதிர்க்கட்சியினர் விலகி நின்றனர். அதனைப் பற்றி மேலும் எழுத யாதுமில்லை.

இவ்விடத்து மாத்தளையின் பழைய ஏடொன்றைப் புரட்டுதல் பொருந்தும். 1840களின் பிற்பகுதியிற் கோப்பி விலை சரிந்து குடியேற்ற அரசின் வருமானம் வீழ்ந்தது. ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு உடலுழைப்பையும் விதித்தார். 1848 ஜூலை இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார், மாத்தளை எழுந்தது, புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆந் திகதி கண்டியிற் சுடப்பட்டார். பின்னர் இலண்டன் பொதுச்சபை தெரிவுக்குழு அமைத்தது. ஆளுநரின் கடிதங்கள் வரவழைக்கப்பட்டன, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், எல்லாம் அச்சேறின. மாத்தளையிற் படைத்தலைமை வகித்த கப்டன் வாட்சனின் பெயரில் வெளியான பிரகடனத்தில் உள்ள கையொப்பம் அவருடையதா அன்றா என்பதை அறிய இலங்கைக்கே விசாரணையாளர் அனுப்பப்பட்டனர். டொரிங்டன் 1850இற் பதவி நீங்கினார். இதனைப் புகழ்ச்சியாகக் கொள்ளற்க. அக்குழுவிற் கேள்வி கேட்டோருட் பலருக்கு மாத்தளை மக்களைவிடத் தம் கட்சிப் பகையே பெரிது, சுடப்பட்டவர் மீளவுமில்லை. ஆயினும் ஏடுகளைக் கொணர்க என்று கேட்கும் பழக்கம் அச்சபையில் இருந்தது. ஏகாதிபத்தியத்தின் சபை தன் ஆளுநரைக் கேட்டதை, குடியரசின் சபை தன் ஜனாதிபதியைக் கேட்கவில்லை.

அண்மைய ஒப்பீடு 1952. கொரிய யுத்தச் செழிப்பு வடிந்து, உலகச் சந்தையில் அரிசி அரிதாகி, செலாவணி கரைந்துகொண்டிருந்த வேளையில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் சென்றார். ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி, ஐந்து ஆண்டுக்கு. அமெரிக்கா சினந்தது. நாட்டிற்கும் ஆளுங்கட்சிக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் எத்தனை தொன்னுக்கு எத்தனை தொன் என்பது எல்லோருக்குந் தெரிந்திருந்தது; மாத்தளையின் றப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டியவன்கூடத் தன் பாலுக்கு எங்கிருந்து அரிசி வருகின்றது என்று அறிய முடிந்தது. அடுத்த ஆண்டே அரிசி விலையேற்றத்தால் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலும் டட்லி சேனாநாயக்கவின் பதவி விலகலும் நிகழ்ந்தன. ஆகவே அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அளவு தெரிந்த உடன்படிக்கையைப் பற்றி வாதிடலாம் என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

தமிழ் உறுப்பினர்கள் யாது செய்தனர்? 2022 ஜனவரி 18ஆந் திகதியே, இரா. சம்பந்தன் தலைமையிலான குழுவினர் இந்தியப் பிரதமருக்கான கடிதத்தை இந்தியத் தூதுவரிடங் கையளித்தனர். பதின்மூன்றாந் திருத்தமும் அதிகாரப் பகிர்வும் அதன் பொருள். மலையகக் கட்சிகளின் கூட்டணி வரைவிற் பங்குபற்றியும் இறுதியிற் கையொப்பமிடவில்லை. அக்கோரிக்கையின் நியாயத்தை எவரும் மறுக்கத் தேவையில்லை. ஆனால் புதுதில்லியும் கொழும்பும் கடன் வரிசைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அக்கடன்கள் எம்மக்கள் வாழ்வில் எவ்வாறு இறங்கும் என்ற வினா தமிழர் சார்பிற் பொருளியல் வினாவாக எழவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை ஏட்டில் எண்ணிப் பிரித்தபோது எம்மைக் கேளாது செய்தனர் என்பது எம் நீங்காக் குறை. கேளாமலே செய்யப்படும் தூதின் வேதனையை எம்மிலும் அறிந்தவர் யார்? அவ்வறிவு 2022இல் நாடு முழுமைக்கும் பயன்பட்டிருக்கலாம். மாத்தளை மாவட்டத்திற்கு அன்றிருந்த ஐந்து உறுப்பினருள் மலையகத் தமிழர் ஒருவருமிலர் என்பதையும் கூறிவைத்தல் வேண்டும்.

அவ்வாறு எழுந்திருக்க வேண்டிய வினாவின் உள்ளடக்கத்தை எண்ணிப் பார்ப்போம். 2021 மார்ச்சிற் சம்பளச் சபை மூலம் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாவென வர்த்தமானியில் வெளியாயிற்று. நெடும் போராட்டத்தின் விளைவு அது. அன்றைய செலாவணி விகிதத்தில் ஐந்து டொலர். 2022 மார்ச் 7ஆந் திகதி ரூபா கட்டவிழ்க்கப்பட்டது. மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபா. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்குங் குறைந்தது. கொய்த தேயிலையும் பறித்த மிளகும் கராம்பும் டொலரிலேயே விற்கப்பட்டன. ரூபாவைச் செயற்கையாகக் கட்டி வைத்திருந்த காலத்தில், வளைகுடாவில் உழைப்போர் வங்கியை விட்டு உண்டியல் வழியை நாடினர். 2020இல் ஏழு பில்லியன் டொலரைத் தாண்டிய வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022இல் 3.8 பில்லியனாகச் சுருங்கியது. நாட்டிற்கு உண்மையிற் டொலர் ஈட்டித் தந்தவர்கள் இவர்களே. நட்பு நாடுகளைப் பற்றிய நெடிய உரைகளில் இந்நட்பைப் பற்றிய பேச்சு அரிது. ஈரான் தேயிலை உடன்பாட்டின்கீழ் ஏற்றுமதியாளருக்கு ரூபாவே கிடைக்கும். எண்ணெய்க் கடனைக் கொய்து அடைப்பவள் தோட்டப் பெண். ஐந்து மில்லியன் வீதம் 251 மில்லியனைக் கழிக்க ஐம்பது மாதம். ஆளுநரும் அமைச்சரும் நான்கு தடவை மாறக்கூடிய காலம். மலையிற் கூடை மாறாது.

2022 செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ எழுபது சதவீதத்தை எட்டிய பின், தூது ஒருவாறு முறைப்பட்டது. நாணய நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் திட்டம் 2023 மார்ச் 20ஆந் திகதி ஒப்புதல் பெற்றது. 2024 ஜூன் 26ஆந் திகதி, இந்தியா, யப்பான், பிரான்ஸ் உள்ளிட்ட உத்தியோகபூர்வக் கடன்கொடுத்தோருடன் 5.8 பில்லியன் டொலருக்கும், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடன் தனியாக 4.2 பில்லியனுக்கும் மீளமைப்பு உடன்பாடு எட்டப்பட்டது. எல்லாக் கடன்காரரும் ஒரே மேசையில் அமரவில்லை என்பதை இதிலிருந்து காணலாம். இவ்விடத்திற் சபையின் விவாதம் முன்னையதைவிடத் தேறியிருந்தது. முதலிற் கழிவு ஏன் பெறப்படவில்லை, வட்டி விகிதம் என்ன என்ற கேள்விகள் எழுந்தன. 2023 முதல் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைமை எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹர்ஷ டி சில்வாவிடம் இருந்ததும் காரணமாகலாம். பட்ட பின் வந்த புத்தியாயினும் புத்தியே.

ஆனால் அம்மேசைகள் இரண்டிலும் இடம்பெறாத மூன்றாவது சீட்டொன்று உண்டு. அது மாத்தளை மாவட்டத்திலேயே கிடக்கின்றது. அம்பன் கங்கையை மறித்து எழுந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் சீன அபிவிருத்தி வங்கியின் கடனாற் கட்டப்பட்டது. அவ்வங்கி அரசுக்குச் சொந்தமானதெனினும் வணிகக் கடன்கொடுப்போராகவே கணிக்கப்பட்டது. ஆகவே அதற்குரிய ஏறத்தாழ 3.3 பில்லியன் டொலர் கடன் வேறொரு பேச்சில், வேறொரு நிபந்தனையில், 2024இன் இறுதியிலேயே தீர்வு கண்டது. அணை கட்டியபோது லக்கலைப் பகுதிக் கிராமங்கள் நீருள் மூழ்கின. மக்கள் புதிய குடியிருப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். நீர் வடக்கே வறண்ட வயல்களுக்குச் செல்கின்றது. அரசுகளுக்குரிய கடன்களின் மூலதனத் தவணைகள் 2028இல் தொடங்குமென்றும் 2043 வரை நீளுமென்றும் அரசாங்கம் அறிவித்தது. இவ்வணைக்குரிய தவணை எந்நாள், எவ்வளவு, எந்நாணயத்தில் என்பதை மாத்தளையின் உறுப்பினர் எவரேனும் எழுந்து கேட்பாராயின், அவ்வினாவையும் அதற்கான விடையையும் இச்சங்கத்தின் அடுத்த மலரில் முழுமையாக வெளியிடத் தகும்.